சங்கிலி கறுத்துவிட்டது, வெள்ளிதானா?

கேள்வி: ஆறு மாதங்களுக்கு முன் வெள்ளிச் சங்கிலி ஒன்று வாங்கினேன். எடை சுமார் 20 கிராம், 925 என்று முத்திரை இருக்கிறது. இப்போது கறுத்துவிட்டது, கழுத்தில் பச்சைக் கறையும் படிகிறது. காந்தம் சங்கிலியில் ஒட்டவில்லை, கொக்கியில் மட்டும் ஒட்டுகிறது. பனிக்கட்டியை மேலே வைத்தால் சட்டென்று உருகுகிறது. விற்றவர் ‘சுத்த வெள்ளி’ என்று அச்சிட்ட அட்டையும் கொடுத்தார். ஏமாந்துவிட்டேனா? வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: கறுத்ததற்காகக் கலங்க வேண்டாம். வெள்ளியின் குணமே அது. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பட்டால் மேலே கரும்படலம் படியும். பச்சைக் கறை செம்பின் வேலை. 925 என்றால் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு. வியர்வை பட்டால் அந்தச் செம்பு தன் நிறத்தைக் காட்டும். ஆனால் செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசிய சங்கிலியும் இப்படியே கறுக்கும், இப்படியே கறை படியவைக்கும். ஆகவே இந்த இரண்டையும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

பனிக்கட்டிச் சோதனையும் அதே கதைதான். வெப்பத்தைக் கடத்துவதில் உலோகங்களுள் வெள்ளி முதலிடம் என்பது உண்மை. அதற்கு அடுத்தபடியாக, மிக நெருக்கத்தில் இருப்பது செம்பு. இரண்டின் மேலும் கட்டி ஏறக்குறைய ஒரே வேகத்தில் உருகும். வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

காந்தம் இரும்பைப் பிடித்துக் கொடுக்கும். செம்பு, பித்தளை, ஜெர்மன் சில்வர் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. போலிச் சரக்கு பெரும்பாலும் இவற்றில்தான் செய்யப்படுகிறது. ஜெர்மன் சில்வர் என்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. பெயரில் தவிர அதில் வெள்ளி கிடையாது.

உங்களை அதிகம் பயமுறுத்தியிருப்பது அந்தக் கொக்கி என்று நினைக்கிறேன். சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல வெள்ளியைப் போலி என்று எண்ணி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சங்கிலிக் கொக்கியின் நாக்கு அழுத்தினால் உள்ளே போய், விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். வெள்ளி மிருதுவான உலோகம். அதில் செய்த கம்பிச்சுருள் சில நாட்களிலேயே தளர்ந்துவிடும். அதனால் கொக்கிக்குள் எஃகுச் சுருள் ஒன்றை வைக்கிறார்கள். காந்தம் பிடிப்பது அதைத்தான். கொக்கியின் நாக்குப் பக்கம் ஒட்டி, மறுமுனை வளையத்தில் ஒட்டாவிட்டால் கொக்கியைச் சந்தேகிக்க வேண்டாம். சங்கிலியின் கண்ணிகள் ஒட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

சரி, எதை நம்புவது? முத்திரையையா? 925 என்று குத்தும் எஃகு உளியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். தர ஆய்வகத்தின் குறி, செய்தவரின் குறி ஆகியவற்றோடு சேர்ந்து வரும் முத்திரைக்கு மதிப்பு உண்டு. வெறும் மூன்று இலக்கம் வெறும் மூன்று இலக்கம்தான். அட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விற்பவரே அச்சிட்டு, விற்பவரே கையெழுத்திட்டு, விற்பவரே தரும் சான்றிதழைச் சான்றிதழ் என்று ஏற்கும் இந்த வணிக முறை எனக்கு இன்னும் புரியவில்லை. ஒன்றரைக் கிலோ அரிசிக்குத் தராசைச் சரிபார்க்க ஆள் வருகிறார். நகைக்கு அட்டை போதுமாம்.

வீட்டில் செய்யக்கூடிய உருப்படியான சோதனை ஒன்று உண்டு. 0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு போதும். முதலில் சங்கிலியை உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் தண்ணீருள்ள கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். சங்கிலியை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண், சங்கிலி விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இந்த எண்ணால் வகுங்கள். 20.70 கிராம் சங்கிலி 2.00 காட்டினால் விடை 10.35, 925 வெள்ளிக்கு வர வேண்டியது அதுதான். அதே எடையில் ஜெர்மன் சில்வர் 2.38 அளவில் காட்டும், விடை 8.7. செம்பானாலும் 9-ஐத் தாண்டாது. கண்ணிகளுக்கிடையே காற்றுக்குமிழி சிக்கினால் கணக்கு கெட்டுவிடும். தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டு நன்றாக அலசிய பிறகு அளந்து பாருங்கள். மூன்று முறை அளப்பது நல்லது.

அமிலம் வாங்கி வந்து சோதிக்க வேண்டாம். நைட்ரிக் அமிலம் கையையும் கண்ணையும் பதம் பார்க்கும். துணி வெளுக்கும் பிளீச் திரவம் நல்ல நகையையே பாழாக்கும்.

அமிலத்தைவிட ஆபத்தானவர்கள் ‘இலவசமாகச் சோதித்துத் தருகிறோம்’ என்று அழைப்பவர்கள். நகை உங்கள் கண்ணை விட்டு ஐந்து நிமிடம் உள்ளே போகும். திரும்பி வரும்போது ‘மாற்றுக் குறைவு, நூற்றுக்கு அறுபதுதான் தேறும்’ என்பார்கள். எதிரே வைத்துச் செய்ய மறுப்பவரிடம் சங்கிலியைக் கொடுக்காதீர்கள். எக்ஸ்ரே கருவியில் வைத்து 92.4 சதவீதம் என்று தசம சுத்தமாகத் தாள் எடுத்துக் கொடுத்தாலும் மயங்க வேண்டாம். அந்தக் கருவி பார்ப்பது மேற்புறத்தின் மெல்லிய அடுக்கை மட்டும். முலாம் தடிமனாக இருந்தால் முலாமை அளந்துவிட்டு வெள்ளி என்று சொல்லிவிடும். ஒரு கண்ணியில் மறைவான இடத்தில் அரத்தால் சற்று ராவி, ராவிய இடத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

உங்கள் கணக்கில் 9-க்குக் கீழே விடை வந்தால் சங்கிலியைத் தேய்க்காமல், ராவாமல், ரசீதோடு விற்றவரிடமே கொண்டுபோங்கள். 10.2-க்கு மேல் வந்தாலும் ஒருமுறை போய்வரலாம்: அட்டையில் ‘சுத்த வெள்ளி’ என்றிருக்கும் இடத்தில், ஆயிரத்துக்கு எத்தனை பங்கு என்பதை எண்ணாக எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள்.