அட்டையில் இருந்த 'இரண்டு சதுரம்'

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார், தம் சம்பந்தி வீட்டில் பல காலமாகச் செய்துவரும் பிரவுனியின் செய்முறையை அட்டையில் எழுதி அனுப்பினார். சாக்லேட் 2 சதுரம், வெண்ணெய் அரை கப், சர்க்கரை 1 கப், முட்டை 2, மைதா அரை கப், வெனிலா அரைத் தேக்கரண்டி. கடைச் சாக்லேட்டில் இரண்டு கட்டங்களை ஒடித்துப் போட்டேன். பேக்கிங் பவுடரை எழுத மறந்துவிட்டார்கள் என எண்ணி ஒரு தேக்கரண்டி சேர்த்து, குச்சியில் ஒட்டாத வரை வேகவைத்தேன். வெளிறி உலர்ந்த கேக்தான் வந்தது. ஏன்?
– வாசகி, திருச்சி

பதில்: அட்டையில் பிழை இல்லை. அந்நாட்டுப் பழைய குறிப்புகளில் 'சதுரம்' என்பது சர்க்கரையே சேராத, ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் எடையுள்ள கசப்புச் சாக்லேட் வில்லையைக் குறிக்கும். நீங்கள் ஒடித்துப் போட்டது அதில் கால் பங்குகூட இருந்திராது. அந்த வில்லை நம் கடைகளில் எளிதில் கிடைக்காதாகையால், ஒரு சதுரத்துக்கு 3 மேசைக்கரண்டி இனிப்பில்லாத கோகோ தூளும் 1 மேசைக்கரண்டி வெண்ணெயும் எனக் கணக்கிட்டு, குறிப்பிலுள்ள அரை கப் (113 கிராம்) வெண்ணெயோடு கூட்டிக்கொள்ளுங்கள். உப்பு வெண்ணெயானால் தனியாக உப்பு வேண்டாம்.

பேக்கிங் பவுடரை அவர்கள் மறக்கவில்லை. அமெரிக்கச் சமையல் நூலாசிரியை ஃபேனி ஃபார்மரின் 1906ஆம் ஆண்டுச் சமையல் நூலில் உள்ள பிரவுனியிலும் அது கிடையாது. மாவு குறைவாகவும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுதியாகவும் இருப்பதால்தான் பிரவுனி உப்பாமல், அடர்த்தியாக, மென்றால் பல்லில் லேசாக ஒட்டும் பதத்தில் அமைகிறது.

நம் சர்க்கரை பெருமணியாக இருப்பதால் மிக்ஸியில் ஒரு சுற்று ஓடவிட்டு, உருக்கிய வெண்ணெய் சூடாக இருக்கும்போதே அதில் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து நன்றாக அடியுங்கள். மேலே காகிதம்போல் வெடித்துப் பளபளக்கும் ஏடு, சர்க்கரை முட்டையில் நன்கு கரைவதால் உண்டாவது. சலித்த கோகோவையும் மைதாவையும் கடைசியில் சேர்த்து, மாவு மறையும் அளவுக்கு மட்டும் கிளறினால் போதும்.

8 அங்குலச் சதுரத் தட்டில், 175 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் ஆனதும் பார்க்கத் தொடங்குங்கள். குச்சியில் ஈரத் துகள்கள் ஒட்டியிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகும் தட்டின் சூட்டில் அது வேகும். முழுதும் ஆறும்வரை கத்தியைத் தொடாதீர்கள். பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள்தான். ஆனால் சூட்டில் வெட்டினால் துண்டாக வராமல் களியாகத்தான் வரும்.