அமெரிக்காவில் கேஸ் ஸ்டேஷனின் (பெட்ரோல் பங்கின்) நிலத்தடி டாங்க் கசிந்தால், சுத்தம் செய்ய அரசு பணம் தருமா?

கேட்டவர் பழைய கேஸ் ஸ்டேஷன் ஒன்றை வாங்க யோசிக்கிறார். மண்ணுக்குள் பெட்ரோல் இறங்கியிருந்தால் அந்தச் செலவு யார் தலையில் விழும், அரசு நிதி கிடைக்குமா என்பது அவர் கேள்வி. இந்தத் துறையில் ஆலோசகராக வேலை செய்கிறேன். மண் மாதிரி எடுப்பதைவிட கிளெய்ம் ஃபார்ம் நிரப்புவதில்தான் என் நேரம் அதிகம் போகிறது. அதனால் பணத்தைப் பற்றியே முதலில் சொல்கிறேன்.

பணம் கிடைக்கலாம். ஆனால் பலர் நினைப்பதுபோல அது வாஷிங்டனிலிருந்து வராது. ‘சூப்பர்ஃபண்ட் இருக்கிறதே’ என்பார்கள். நச்சுக் கழிவு கலந்த இடங்களைச் சுத்தம் செய்வதற்கான மத்திய சட்டம் அது. ஆனால் அந்தச் சட்டம் பெட்ரோலியத்தைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. டாங்க் கசிவுக்கென்று தனியாக 1986-இல் ஒரு மத்திய அறக்கட்டளை நிதி வந்தது. பம்ப்பில் ஒரு கேலன் பெட்ரோலுக்கு நாம் கட்டும் 18.4 சென்ட் மத்திய வரியில் 0.1 சென்ட் இதற்குத்தான் போகிறது. ஆனால் இது உரிமையாளருக்கான காப்பீடு இல்லை. உரிமையாளர் யாரென்றே தெரியாத இடம், பணம் கட்ட வழியில்லாதவர் அல்லது மறுப்பவர் விட்டுப்போன இடம், உடனே இறங்க வேண்டிய அவசரநிலை ஆகியவற்றுக்கும், மாநில அதிகாரிகள் மேற்பார்வை செய்யும் செலவுக்கும் தான் அது. கட்ட முடிந்தவர் கட்டாமல் இருந்தால், அரசு சுத்தம் செய்துவிட்டு அவரிடமே வசூலிக்கப் பார்க்கும்.

இன்னொரு விஷயம் எனக்கு இன்றும் எரிச்சல். 2012-இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இந்த மத்திய நிதியிலிருந்து 240 கோடி டாலரை எடுத்து நெடுஞ்சாலை நிதிக்கு மாற்றிவிட்டது. நாடு முழுக்கச் சுத்தம் செய்யாத இடங்கள் பல்லாயிரக்கணக்கில் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது செய்த வேலை இது.

சரி, அப்படியென்றால் உண்மையான பணம் எங்கே? மாநில நிதிகளில். மத்திய விதிப்படி எரிபொருள் விற்கும் ஒவ்வொரு நிலையமும் ஒரு கசிவுக்கு 10 லட்சம் டாலர் வரை செலவைத் தாங்க முடியும் என்று காட்டியாக வேண்டும். 1980-களின் இறுதியில் இந்த விதி வந்தபோது சின்னக் கடைக்காரர்களுக்குக் காப்பீடு தர கம்பெனிகள் முன்வரவில்லை. அதனால் பல மாநிலங்கள் எரிபொருள் மீது கட்டணம் போட்டுத் தாங்களே நிதி தொடங்கின. அந்த நிதியில் தகுதி பெற்றிருந்தாலே காப்பீடு இருப்பதாகக் கணக்கு. முதல் பகுதிச் செலவு உங்களுடையது, அதற்கு மேல் ஓர் உச்சவரம்பு வரை நிதி தரும்.

இதிலும் சிக்கல் உண்டு. ஃப்ளோரிடா தொடக்கத்தில் ‘முதலில் வேலையை முடி, பிறகு பில் கொடு’ என்ற முறையில் நடத்தியது. ஆலோசகர்கள் (என் தொழில்காரர்கள்தான்) தேவைக்கு மேல் சோதனைக் கிணறு தோண்டி, தேவைக்கு மேல் அறிக்கை எழுதினாலும் பில் பாஸாகும் என்ற நிலை. பாக்கி மலைபோல் குவிந்து, 1990-களின் நடுவில் அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். அதன் பிறகு முன் அனுமதி வாங்கித்தான் வேலை, அதுவும் ஆபத்து அதிகமான இடத்துக்கு முன்னுரிமை. பணம் எப்படிக் கொடுக்கப்படுகிறதோ, சுத்தமும் அப்படித்தான் நடக்கும் என்பது என் அனுபவம்.

விதிகள் பக்கம் வருவோம். நிலத்தடி டாங்குகளுக்காக 1984-இல் காங்கிரஸ் சட்டம் போட்டது, 1988-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதிகளை வெளியிட்டது. துருப்பிடிக்கும் வெறும் இரும்பு டாங்குகளை மாற்றவோ மூடவோ 1998 டிசம்பர் வரை அவகாசம். அந்த இடைவெளியில் தோண்டியபோதுதான் கசிவுகள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தன. இதுவரை உறுதியானவை ஐந்தரை லட்சத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவற்றின் கோப்பை மூடிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பழைய விதி எவ்வளவு தளர்வானது என்பதற்கு ஒரு கணக்கு. இருப்புப் பதிவை வைத்துக் கசிவு கண்டுபிடிக்கும் முறையில், மாத விற்பனையில் 1 சதவீதமும் அதோடு 130 கேலனும் வரை கணக்கு உதைத்தால் அது கசிவாகக் கருதப்படாது. மாதம் ஒரு லட்சம் கேலன் விற்கும் கடையில் 1,130 கேலன் காணாமல் போனாலும் ‘எல்லாம் சரி’ என்று எழுதலாம்! நல்லவேளை, இந்த முறையை டாங்க் புதிதாக இருக்கும் முதல் பத்தாண்டுக்கு மட்டும்தான் அனுமதித்தார்கள்.

இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு சாண்டா மோனிகா போதும். பெட்ரோலில் கலந்த எம்டிபிஇ என்ற ரசாயனம் தண்ணீரில் எளிதாகக் கரைந்து வெகுதூரம் ஓடும். 1996-இல் அது அந்த நகரத்துக் கிணறுகளில் ஏறி, நகரக் குடிநீரில் ஏறத்தாழ பாதியைத் தந்த கிணறுகளை மூட வைத்தது.

2005 சட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆய்வு கட்டாயம். விதி மீறினால் அந்த டாங்குக்கு எரிபொருள் இறக்கவே தடை போடலாம். அபராதத்தைவிட கடைக்காரர்கள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

இப்போது உங்கள் விஷயம். கசிவு என்று சந்தேகம் வந்தாலே 24 மணி நேரத்துக்குள் மாநில அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத்தான் பல கிளெய்ம்கள் விழுகின்றன. ‘முதலில் உறுதி செய்துகொள்வோம்’ என்று சில வாரம் தள்ளிப்போட்ட ஒருவருக்காக நான் எழுதிய விண்ணப்பம், மண் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று யாரும் பார்ப்பதற்கு முன்பே திரும்பி வந்தது. செலவு முழுதும் அவர் கையிலிருந்து போனது.

அதனால் ஒப்பந்தம் போடும் முன் மாநில அலுவலகத்தில் அந்த முகவரிக்கான கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பழைய கசிவு ஏதாவது இன்னும் திறந்திருக்கிறதா, இப்போதைய உரிமையாளர் நிதிக்குக் கட்டணம் விடாமல் கட்டியிருக்கிறாரா, அவருடைய தகுதி வாங்குபவருக்கு மாறுமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். மாநிலத்துக்கு மாநிலம் இது வேறுபடும், சிலவற்றில் மாறாது. மண், நிலத்தடி நீர் இரண்டையும் வாங்கும் முன்பே சோதித்துவிடுங்கள். பிறகு கசிவு வந்தால், எது விற்றவர் காலத்தது, எது உங்கள் காலத்தது என்று பிரித்துக் காட்ட அந்த அறிக்கைதான் உதவும்.