கணினி கேள்வி பதில்: பட்டனை வைத்தாயிற்று, அப்புறம்?

கேள்வி: சொந்தமாக ஒரு சின்ன டெஸ்க்டாப் அப்ளிகேஷன் செய்து பார்க்க ஆசை. விஷுவல் பேசிக் 6 கற்கலாம் என்றிருந்தேன், நண்பர் லாசரஸ் என்ற புரோகிராம் எழுதும் மென்பொருளைப் போடச் சொல்கிறார். எது சரி?

பதில்: நண்பர் சொல்வதுதான். விஷுவல் பேசிக் 6 வெளிவந்தது 1998-இல், அதன் எடிட்டருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-லேயே நிறுத்திவிட்டது. பழைய புரோகிராம் எதையாவது கட்டி மேய்க்கும் வேலை இருந்தாலொழிய இன்று புதிதாக அதைத் தொட வேண்டாம். லாசரஸ் இலவசம், டெல்பி என்ற புரோகிராமிங் கருவியின் பாணியில் அமைந்தது, மொழி பாஸ்கல், நாம் எழுதும் ஒரே கோடை (code, நிரல் வரிகள்) விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் கம்பைல் செய்துகொள்ளலாம், அதாவது ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றிக்கொள்ளலாம். பாஸ்கலா, அது பழசாயிற்றே என்று யாராவது மூக்கைச் சுளித்தால் கண்டுகொள்ளாதீர்கள். ஒன்று மட்டும்: ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி ஃபோல்டர் போட்டு முதலிலேயே சேமித்துவிடுங்கள், ஏனென்றால் புதிதாக எதைத் தொடங்கினாலும் அது புராஜெக்ட்1, யூனிட்1 என்றேதான் பெயர் வைக்கும், எல்லாம் ஒரே இடத்தில் கிடந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும்.

கேள்வி: லாசரஸில் ஃபார்மில் (அப்ளிகேஷனின் ஜன்னலில்) பட்டன் வைத்தேன், இன்னொரு புராஜெக்டிலிருந்து கோடை எடுத்து ஒட்டினேன். எஃப்9 அழுத்தினால் ஓடுகிறது, எர்ரர் இல்லை, ஆனால் பட்டனைக் கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்கவில்லை!

பதில்: ஒட்டினீர்கள் அல்லவா, அதுதான் காரணம். கோடு இருப்பது ஒரு ஃபைலில், ஃபார்மின் தோற்றம் இருப்பது இன்னொரு ஃபைலில். இந்தப் பட்டனைக் கிளிக் செய்தால் அந்த புரொசீஜரை (அந்த வேலைக்கான கோடு தொகுதியை) ஓட்டு என்ற இணைப்பு இந்த இரண்டாவது ஃபைலில்தான் பதிவாகிறது, நீங்கள் எடுத்து வந்ததோ முதலாவதை மட்டும். பட்டனைத் தேர்ந்தெடுத்து, அதன் பண்புகளைக் காட்டும் ஆப்ஜெக்ட் இன்ஸ்பெக்டரில் ஈவென்ட்ஸ் பக்கத்தைப் பாருங்கள், ஆன்கிளிக் காலியாக இருக்கும். அங்கேயே பட்டியலில் உங்கள் புரொசீஜரைத் தேர்ந்தெடுத்தால் போதும். புதிதாக எழுதும்போது பட்டனை டபுள் கிளிக் செய்து தொடங்கினால் இந்தத் தலைவலியே வராது. நீக்கும்போதும் கவனம் வேண்டும்: புரொசீஜரை மொத்தமாகக் கையால் அழிக்காதீர்கள், அதன் பிகினுக்கும் (begin) எண்டுக்கும் (end) நடுவில் உள்ளதை மட்டும் காலி செய்து சேமியுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு பட்டன்தான், எக்ஸ்இ ஃபைல் இவ்வளவு பெரிதா?

பதில்: பிழை தேடுவதற்கான டீபக் விவரங்களும் உள்ளே சேர்ந்திருப்பதால் அப்படி. புராஜெக்ட் ஆப்ஷன்ஸில் ரிலீஸ் மோடை உருவாக்கி, அதில் பில்ட் செய்யுங்கள், சில எம்பிக்குள் வந்துவிடும்.