டூயல் பூட் லேப்டாப்: ஹைபர்னேஷன் வேண்டுமென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: அலுவலக வேலைக்கு விண்டோஸ், புரோகிராமிங் பழக லினக்ஸ் என இரண்டும் ஒரே லேப்டாப்பில் வேண்டும். ஒன்றில் திறந்து வைத்ததை அப்படியே ஹைபர்னேட் செய்துவிட்டு மற்றதற்குப் போய் வர முடியுமா? 16 ஜிபி ரேம் வாங்குவதா, 32 ஜிபியா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் ரேமைவிட டிஸ்க்கைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். ஹைபர்னேட் செய்யும்போது ரேமில் உள்ளது டிஸ்க்கில் எழுதப்பட்டு, கணினி முழுதாக அணைந்துவிடுகிறது. விண்டோஸ் இதற்காக சி டிரைவில் மறைவாக ஒரு கோப்பு வைத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு ஸ்வாப் (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) வேண்டும்; அதை ரேம் அளவுக்குக் குறையாமல் ஒதுக்குவது நல்லது. 32 ஜிபி ரேம் என்றால் டிஸ்க்கிலும் 32 ஜிபி அதற்கே போய்விடும். உங்கள் வேலைக்கு 16 ஜிபி ரேமும் 512 ஜிபி எஸ்எஸ்டியும் போதும். 256 ஜிபி வேண்டவே வேண்டாம், சீக்கிரமே இடம் தட்டும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஹைபர்னேட் ஆன இயங்குதளம், டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற கணக்கையும் சேர்த்தே சேமித்து வைத்திருக்கிறது. இடையில் மற்றது வந்து அதே பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கைப் பிரித்த அதே பகுதியில், எழுதிவிட்டால், முதலாவது விழித்ததும் பழைய கணக்கை நம்பி மேலேயே எழுதும். கோப்புகள் சிதைவது இப்படித்தான். இரண்டுக்கும் பொதுவாக ஒரு டேட்டா டிரைவ் வைக்க எல்லோருக்கும் ஆசை. ஹைபர்னேஷனை அன்றாடம் பயன்படுத்தப் போகிறவர் அதை விட்டுவிடுவதே பாதுகாப்பு. கோப்பு மாற்ற பென் டிரைவோ கிளவுடோ போதும். பென் டிரைவையும் ஹைபர்னேட் செய்யும் முன் முறையாக வெளியே எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. பாதி ஹைபர்னேட் ஆகியே கிடக்கும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை மட்டும் அணைத்துவிடுங்கள். ஹைபர்னேஷனையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனைகளும் உண்டு. உங்களுக்கு அது சரிப்படாது.

அடுத்தது செக்யூர் பூட்: கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு வசதி. அது இயங்கும்போது உபுண்டு, ஃபெடோரா, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஹைபர்னேஷனை அனுமதிக்காது. கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்புத் திரையில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிவரும். அதற்கு முன் பிட்லாக்கரின் (விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டும் வசதி) ரெகவரி கீயை வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை விண்டோஸ் அதைக் கேட்கும்போது டிஸ்க்கைத் திறக்கவே முடியாமல் போகலாம். லேப்டாப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறதென்றால் செக்யூர் பூட்டை அணைக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை: இரண்டாவது எஸ்எஸ்டி போட ஸ்லாட் இருக்கிறதா? இருந்தால் ஆளுக்கொரு டிஸ்க், பாதித் தலைவலி போய்விடும். தனி என்விடியா கிராஃபிக்ஸ் உங்களுக்குத் தேவையா? ஹைபர்னேஷனிலிருந்து திரும்பும்போது லினக்ஸில் திரை கறுப்பாகவே நிற்பதற்கு அது அடிக்கடி காரணமாகிறது. இன்டெல், ஏஎம்டி சிப்போடு வரும் கிராஃபிக்ஸில் இந்தத் தொல்லை குறைவு. திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதையும் கேளுங்கள். பென் டிரைவில் லினக்ஸை ஓட்டிப் பார்த்தால் வைஃபை, திரை வேலை செய்வது தெரியும், ஹைபர்னேஷன் தெரியாது. வாங்கிய கையோடு இரண்டையும் நிறுவி, பல முறை உறங்க வைத்து எழுப்பிப் பார்த்துவிடுங்கள்.

நிறுவும்போது ஸ்வாப்பைத் தனிப் பார்ட்டிஷனாகவே கொடுங்கள். ஸ்வாப் கோப்பிலும் முடியும். ஆனால் அது டிஸ்க்கில் தொடங்கும் இடத்தையும் கெர்னலுக்குச் சொல்ல வேண்டிவரும். ஃபெடோராவில் தானாக வரும் ஸ்வாப் ரேமுக்குள்ளேயே இருப்பது. ஹைபர்னேஷனுக்கு அது உதவாது.

கேள்வி: என்னிடம் இரண்டு லினக்ஸ் இருக்கின்றன. ஒரே ஸ்வாப் பார்ட்டிஷன் போதுமா?

பதில்: ஹைபர்னேட் செய்வதாக இருந்தால் போதாது. ஒன்று உறங்கும்போது மற்றது அதே ஸ்வாப்பைப் பயன்படுத்தினால் சேமித்தது அழிந்துவிடும். தனித்தனியாக ஒதுக்குங்கள். ஒன்றின் ஸ்வாப் மற்றதன் எஃப்எஸ்டேப் கோப்பில் (தொடங்கும்போது எந்தப் பார்ட்டிஷன்களை எடுக்க வேண்டும் என்ற பட்டியல்) இடம்பெறக் கூடாது. இன்ஸ்டாலர் தானாகச் சேர்த்திருக்கக்கூடும், திறந்து பாருங்கள்.