டிராக்குக்கு ஒன்று, பாம்பன் பாலத்துக்கு ஒன்று என இரண்டு அலைன்மென்ட் வேண்டுமா?

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பத்து வருடப் பழைய ஸ்விஃப்ட் வைத்திருக்கிறார். தினமும் பாம்பன் பாலம் ஏறி ராமேஸ்வரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார். வருடத்துக்கு இரண்டு முறை நண்பர்களோடு கோவை செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய் ஓட்டுகிறார். “டிராக் செட்டிங் என்று கேம்பர் மைனஸ் மூன்று, டோ அவுட் வைத்துத் தருகிறேன், அதற்குக் கேம்பர் பிளேட் வாங்கணும் என்கிறார் ஒரு கடைக்காரர். இப்பவே முன் டயர் இரண்டும் 9,000 கிலோமீட்டரில் உட்பக்கம் மொட்டை. இன்னும் கேம்பர் வைத்தால் டயர் தாங்குமா அண்ணே? ரோட்டுக்கு ஒன்று, டிராக்குக்கு ஒன்று என்று மாற்றி வைத்துக்கொள்ளலாமா?” இதுதான் கேள்வி. அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கிற கோணங்களைச் சரிசெய்வது. கேம்பர், டோ இரண்டும் அந்தக் கோணங்கள்தான், கீழே விளக்குகிறேன்.

மாற்ற வேண்டாம் தம்பி, ஒரே செட்டிங் போதும். ஷாக் அப்சார்பரின் தலைமாட்டில் மாட்டிக் கேம்பரை மாற்றுகிற கேம்பர் பிளேட்டும் வேண்டாம். உங்கள் டயரைத் தின்றது கேம்பராக இருக்காது, டோவாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். நீங்களே பார்த்துவிடலாம். வண்டி ஆறியதும் முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒருமுறை தடவுங்கள். பிறகு வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள். முதல் தடவை வழுவழுவென்று போய், இரண்டாவது தடவை ரம்பப் பல் மாதிரி கையைப் பிடித்தால் அது டோ அவுட். எந்தப் பக்கம் தடவினாலும் பிடிக்காமல், உட்பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் கேம்பர்.

இரண்டுக்கும் வித்தியாசம் இவ்வளவுதான். டோ என்பது நடக்கும்போது பாதம் உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே திரும்பியிருக்கிறதா என்பது. உள்ளே என்றால் டோ இன், வெளியே என்றால் டோ அவுட். நெகட்டிவ் கேம்பர் என்பது கபடியில் பிடிக்க நிற்பவர் காலை அகட்டி ஊன்றுகிறாரே, அது. சக்கரத்தின் தலை உள்ளே, அடி வெளியே. வளைவில் வண்டி சாயும்போது அகட்டிய கால்தான் தாங்கும். அதனால்தான் டிராக்கில் கேம்பர் கேட்கிறார்கள்.

கேம்பர் டயரை மெதுவாகத்தான் தேய்க்கும், டோ அப்படி இல்லை. சக்கரம் பார்க்கிற திசை ஒன்று, வண்டி போகிற திசை ஒன்று. மொத்தம் 3 மி.மீ. டோ அவுட் இருந்தால் ஒவ்வொரு முன் சக்கரமும் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய நாலு மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிற கணக்கு வரும். மண்டபம் – ராமேஸ்வரம் சுமார் 20 கிலோமீட்டர். அப்படியானால் ஒரு நடைக்கு 80 மீட்டர், சுடுகிற தாரில். வாரத்துக்குப் பன்னிரண்டு நடை என்று வைத்துப் பாருங்கள்.

டிராக்கில் டோ அவுட் வைப்பது ஸ்டீயரிங் தொட்டவுடன் மூக்கு திரும்ப வேண்டும் என்பதற்காக. அதே வண்டி ஆடி மாதக் காற்றில் பாம்பன் பாலத்தில் நேராகவே போகாது. பக்கக் காற்று ஒரு தள்ளு தள்ளும், டோ அவுட் அதற்கு ஒத்து ஊதும், நீங்கள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுவீர்கள். பக்கத்தில் ஆம்னி பஸ் வேறு வரும். மண்டபத்திலிருந்து கோவைக்குப் போய்த் திரும்ப எழுநூறு கிலோமீட்டர் பக்கம் ஆகும். அங்கே டிராக் 2.1 கிலோமீட்டர். முப்பது சுற்று ஓட்டினாலும் 63 கிலோமீட்டர். எதற்காக எதைக் கெடுப்பது?

சரி, எண்கள். முன் கேம்பர் இரண்டு பக்கமும் மைனஸ் ஒன்றரை டிகிரி. வலதுக்கும் இடதுக்கும் கால் டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. முன் டோ மொத்தம் சுழி. காற்று தொந்தரவாக இருந்தால் மொத்தம் 1 மி.மீ. டோ இன், அவ்வளவுதான். காஸ்டர் என்பது பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு சாய்ந்திருக்கும் கோணம். அதை உங்கள் வண்டியில் மாற்ற வழியில்லை, இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிப்பது ஒரே பீம், அதைத் தொடாதீர்கள்.

கம்பெனி அமைப்பில் ஸ்விஃப்டுக்கு முன் டோ மட்டும்தான் மாற்ற முடியும். கேம்பர் வேண்டுமானால் கேம்பர் போல்ட் போட வேண்டும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டைச் சக்கரத்தோடு பிடிக்கிற இரண்டு போல்டில் ஒன்றை எடுத்துவிட்டு, நடுவில் ஒரு பக்கம் மட்டும் புடைத்த மெல்லிய போல்ட் ஒன்றைப் போடுவார்கள். பிளேட்டோடு ஒப்பிட்டால் சொற்ப விலை, ஒன்றரை டிகிரிக்கு அது போதும். கேம்பர் பிளேட்டில் இருக்கும் உருண்டை பேரிங், ரப்பர் இல்லாத வெறும் இரும்பு. நம் உப்புக்காற்றில் அது எத்தனை நாள் சத்தமில்லாமல் இருக்கும் என்று விற்கிறவர் சொல்லமாட்டார். அவருக்குக் கமிஷன் பிளேட்டில்தான், போல்டில் இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. “போல்ட் எதற்கு, நானே கேம்பர் எடுத்துத் தர்றேன்” என்று ஸ்ட்ரட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஹைட்ராலிக் ஜாக்கியைக் கொடுத்து நெம்பி வளைப்பார்கள். அலைன்மென்ட் மெஷினில் எண் பச்சையாக வரும், இவர் பில் போடுவார். உள்ளே ஷாக் அப்சார்பர் தண்டு கோணலாகி ஆறு மாதத்தில் எண்ணெய் கசியும். அப்போது “ரோடு சரியில்லை சார்” என்பார். ஜாக்கியைக் கையில் எடுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

பச்சை எண்ணைப் பற்றி எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. பச்சை என்றால் கம்பெனி விட்டுக்கொடுத்த எல்லைக்குள் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவே. ஒரு பக்கம் எல்லையின் இந்த ஓரம், மறுபக்கம் அந்த ஓரம் இருந்தாலும் பச்சைதான், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். தாளில் 1.30 என்று போட்டிருந்தால் பல மெஷினில் அது ஒரு டிகிரி முப்பது நிமிடம், அதாவது ஒன்றரை. ஒன்று புள்ளி மூன்று இல்லை. மெஷின் ஓட்டுகிற பையனுக்கே இது தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மீன் விற்கிற தராசுக்குக்கூட அரசாங்க முத்திரை வேண்டும். அலைன்மென்ட் மெஷினில் அப்படி ஒரு முத்திரையை இத்தனை வருடத்தில் நான் ஒரு கடையிலும் பார்த்ததில்லை.

நம் ஊரில் இன்னொரு வில்லங்கம், துரு. டோவை மாற்ற, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடின் லாக் நட்டைத் தளர்த்த வேண்டும். தனுஷ்கோடி வரை போய் வருகிற வண்டியில் அந்த நட்டும் தண்டும் ஒன்றாக வெந்து போயிருக்கும். போன மாதம் என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டிக்கு, மூன்று மாதத்துக்கு முன்னால் வேறொரு கடையில் அலைன்மென்ட் செய்த பில் இருந்தது. முன்பு, பின்பு என்று இரண்டு தாளும் இருந்தன. குனிந்து பார்த்தால் லாக் நட்டின் மேல் சிவப்புத் துரு அப்படியே மேலுறையாக நிற்கிறது, ஒரு மூலையில்கூட ஸ்பேனர் பட்ட பளபளப்பு இல்லை. நட்டைத் தொடாமல் எப்படி டோ மாறியது? ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பி வைத்து எண்ணை ஒப்பேற்றியிருக்கிறார்கள். அதனால் கடைக்குப் போகும் முதல் நாள் இரவே அந்த நட்டில் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். முடிந்த பின் குனிந்து பாருங்கள், நட்டில் புதுக் கீறல் இருந்தால்தான் வேலை நடந்திருக்கிறது. வரிசையும் முக்கியம். கேம்பர் முதலில், டோ கடைசியில். கேம்பரைத் தொட்டால் டோ தானாக நகரும்.

இதற்கெல்லாம் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, சுமை. நீங்கள் தனியாகப் போகிறவர் போலிருக்கிறது. ஆனால் டிக்கியில் கருவாட்டு மூட்டை ஏற்றி வாரம் மூன்று நாள் மதுரைக்கு ஓட்டுகிறவராக இருந்தால் கதை வேறு. பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினால் முன் சக்கரத்தின் நெகட்டிவ் கேம்பர் குறையும், டோவும் கொஞ்சம் நகரும். காலி வண்டியில் சுழியாக வைத்தது சுமையில் சுழியாக இருக்காது. அப்படிப்பட்டவர்கள் வழக்கமான சுமையோடே மெஷின் மேல் ஏற்ற வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நீங்கள் டிரைவர் சீட்டில் மட்டும் 25 கிலோ அரிசிப் பை மூன்றை வைத்து, அரை டேங்க் பெட்ரோலோடு பார்க்கச் சொல்லுங்கள். பந்தயக்காரர்கள் செய்வதும் இதைத்தான், அங்கே அரிசிக்குப் பதில் மணல் மூட்டை.

டிராக்கில் கேம்பர் போதவில்லையோ என்று தோன்றினால் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போங்கள். முன் டயரின் தோளில், தேயும் பாகத்திலிருந்து பக்கச் சுவர் வரை ஒரு கோடு. ஐந்து சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு தோள் விளிம்போடு அழிந்திருந்தால் சரி. சுவர் வரை அழிந்திருந்தால் முதலில் காற்றை இரண்டு பி.எஸ்.ஐ. ஏற்றிப் பாருங்கள். அப்புறமும் அழிந்தால் மைனஸ் இரண்டு வரை போகலாம், டோ சுழியாக இருக்கும் வரை ரோட்டிலும் பெரிய சேதம் இல்லை.

பந்தயம், வேகச் சோதனை என்றால் உங்கள் சாதாரண இன்ஷூரன்ஸ் செல்லாது. பாலிசியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், ஏஜென்ட் வாய் திறக்கமாட்டார். கேம்பர் போல்ட் மாட்டியதும் அதன் தலையிலும் ஸ்ட்ரட்டிலும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். கோவைக்குக் கிளம்பும் முன்னும், திரும்பி வந்ததும் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் போல்ட் நழுவியிருக்கிறது, அன்றைக்கே இறுக்கி டோவை மறுபடி பார்க்க வேண்டும்.