கிளியர் எட்டவில்லையா? கையைப் பாருங்கள், ராக்கெட்டை அல்ல

கேள்வி: எனக்கு 41 வயது. கோவையில் நண்பர்களோடு வாரம் மூன்று நாள் மாலையில் பேட்மிண்டன் டபுள்ஸ் ஆடுகிறேன். இரண்டு வருடமாக ஆட்டத்தில் முன்னேற்றமே இல்லை. பின்னாலிருந்து எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஷட்டில் பாதி கோர்ட்டைத் தாண்டியதும் இறங்கிவிடுகிறது. எதிராளி அதை ஸ்மாஷ் அடிக்கிறார். ஆடி முடித்தால் முழங்கை வேறு வலிக்கிறது. விலை கூடிய ராக்கெட் வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். எட்டாத கிளியரும் (பின்னாலிருந்து எதிராளியின் பின்கோடு வரை உயரமாக அனுப்பும் அடி) முழங்கை வலியும் சேர்ந்து வந்தால், நான் முதலில் பார்ப்பது ராக்கெட்டைப் பிடித்திருக்கும் விதத்தைத்தான். பயிற்சியாளரிடம் போகாமல் ஆடப் பழகியவர்களில் பெரும்பாலோர் தோசைத் திருப்பியைப் பிடிப்பதுபோல, ராக்கெட்டின் முகம் நெட்டைப் பார்க்கும்படி பிடிக்கிறார்கள். நெட் அருகே தட்டிவிட அது போதும். ஆனால் பின்கோட்டிலிருந்து அடிக்கும்போது வேகம் வருவது முன்கை உள்பக்கமாகச் சுழல்வதில்தான். அந்தப் பிடியில் கையைச் சுழற்றினால் ராக்கெட்டின் முகம் பக்கவாட்டில் திரும்பிவிடும். அதனால் கை சுழலாமல் நேராகத் தள்ளுகிறது. ஷட்டில் போவதில்லை, பாரம் முழுக்க முழங்கைக்கு வருகிறது.

வீட்டிலேயே பாருங்கள். இடது கையால் ராக்கெட்டின் தண்டைப் பிடித்து, ஃபிரேமின் விளிம்பு தரையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். வலது கையை அப்படியே கைப்பிடிக்கு இறக்குங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டை, மேல் விளிம்பின் நேர்கோட்டில் வர வேண்டும். ஆள்காட்டி விரல் மற்ற விரல்களை ஒட்டாமல் சற்று மேலே இருக்கட்டும். உள்ளங்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி தெரிய வேண்டும். ஷட்டில் படும் நொடியில் மட்டும் விரல்களை இறுக்குங்கள். மற்ற நேரமெல்லாம் பிடி தளர்வாகவே இருக்கட்டும். பழகும்வரை ஷட்டில் ஃபிரேமில் பட்டு எங்கெங்கோ போகும். அந்த நாட்களில்தான் பலர் வெறுத்துப்போய்ப் பழைய பிடிக்குத் திரும்புகிறார்கள். தயவுசெய்து திரும்பாதீர்கள். மேட்ச் தொடங்கும் முன் பத்து நிமிடம் ஒரு நண்பரோடு கிளியர் மட்டும் அடித்துப் பழகுங்கள்.

அடுத்தது, நிற்கும் இடம். நீங்கள் அடிக்காமல் விட்டால் ஷட்டில் எங்கே விழும்? உங்கள் வலது தோளுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். தலைக்குப் பின்னால் விழுமானால் நீங்கள் தாமதமாகப் போயிருக்கிறீர்கள், அங்கிருந்து யார் அடித்தாலும் பலம் வராது. எதிராளி அடிக்கும் தருணத்தில் இரண்டு கால்களையும் லேசாக அகட்டி ஒரு சிறு துள்ளல் போடுங்கள். எந்தப் பக்கம் ஓடவும் உடம்பு தயாராக இருக்கும். பின்னால் போகும்போது முகத்தை நெட்டுக்கு நேராக வைத்தபடி பின்வாங்காதீர்கள். வலது காலைப் பின்னே எடுத்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிப் போங்கள்.

டபுள்ஸில் சர்வும் கவனிக்க வேண்டியது. பேக்ஹேண்டில் தாழ்வாகத் தட்டி, நெட்டிலிருந்து 1.98 மீட்டரில் இருக்கும் முன் சர்வீஸ் கோட்டருகே விழும்படி பழகினால், எதிராளி ஷட்டிலைத் தூக்கித்தான் கொடுக்க வேண்டியிருக்கும். இதற்குத் துணைக்கு ஆள் வேண்டாம், பழைய ஷட்டில்கள் ஒரு டப்பா போதும்.

ராக்கெட்டில் பார்க்க வேண்டியது ஸ்ட்ரிங்கைத்தான். உங்களைப்போல் ஆடுபவர்களுக்கு 22 முதல் 24 பவுண்டு இறுக்கம் போதும். 27, 28 என்று இறுக்கியிருந்தால் வேகம் குறையும், அதிர்வு கைக்கு ஏறும். பழைய கிரிப்பைக் கழற்றாமலே மேலே மேலே சுற்றிக் கைப்பிடியைத் தடிமனாக்கியிருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். தடித்த கைப்பிடியில் விரல்களுக்கு வேலையே இருக்காது. ஷட்டிலையும் சோதியுங்கள். பின் எல்லைக்கோட்டிலிருந்து கீழ்க்கையாக முழு வீச்சில் அடித்தால், சரியான ஷட்டில் எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழும். உங்கள் குழுவில் நன்றாக ஆடுபவர் அடித்தும் அது வெகு முன்னாலேயே விழுந்தால், அந்த ஷட்டில் உங்கள் கோர்ட்டுக்கு மெதுவானது.

முழங்கை விஷயத்தில் மட்டும் பொறுத்துப் பார்க்க வேண்டாம். வெளிப்பக்க எலும்பைத் தொட்டால் வலிக்கிறதா, காப்பி டம்ளரைத் தூக்கும்போதே சுருக்கென்கிறதா? அப்படியானால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். அவர் சரி என்ற பிறகு புதுப் பிடியோடு தொடங்குங்கள்.