கேளுங்க, பேசுவோம்: அப்பத்தாவோட எனாமல் தூக்கும் ஒரு பேஸ் கிடாரும்

போன தடவ கிடார் பத்தி எழுதினதுக்கு "பேஸ் கிடார மட்டும் ஏன் விட்டீங்க"ன்னு கேட்டு நெறய பேர் எழுதியிருந்தாங்க. நியாயமான கேள்வி. அதனால இந்த தடவ முழுக்க பேஸ் தான், அதாவது பாட்டுக்கு அடியில கனமான கீழ் சுரங்கள வாசிக்கிற, பொதுவா நாலு கம்பி இருக்கற கிடார்.

அண்ணே, ராக் பாட்டுல உங்களால மறக்கவே முடியாத பேஸ் எது? பத்து பாட்டு சொல்லி தப்பிக்கக் கூடாது, ஒண்ணே ஒண்ணு. (வாசகர், தேவகோட்டை)

குயீன் குழுவோட 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்', 1980. யோசிக்கவே வேணாம்.

சித்தப்பா சிங்கப்பூர்லேர்ந்து ரெண்டு பெரிய ஸ்பீக்கரோட ஒரு டேப் ரிக்கார்டர் செட் கொண்டாந்தாங்க, அத பட்டாலையில வச்சு போடுவோம். ரெண்டாங்கட்டுல அலமாரி மேல அப்பத்தாவோட எனாமல் சாமான் வரிசையா இருக்கும். இந்தப் பாட்டு ஆரம்பிச்சு அந்த டும் டும் டும் விழுந்ததுமே அதுல ஒரே ஒரு தூக்கோட மூடி மட்டும் கிணுகிணுன்னு உதறும், மத்த எதுவும் அசையாது. பேஸ் வேற சுரத்துக்குப் போனா மூடி கப்சிப்னு நின்னுடும், திரும்ப அந்த சுரத்துக்கு எறங்கினா திரும்ப உதறும். அப்பத்தா ரெண்டு தடவ வந்து மூடிய அழுத்திப் பாத்தாங்க, மூணாவது தடவ ஒரு துணிய மடிச்சு மூடிக்கு அடியில சொருகிட்டு "இப்ப போடுங்கடா"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. ஒவ்வொரு சாமானுக்கும் அதுக்குன்னு ஒரு அதிர்வு இருக்கு, அதே அதிர்வுல வெளியேர்ந்து சத்தம் வந்தா அதுவும் கூட சேந்து ஆடும்னு பள்ளிக்கூடத்துல படிச்சது எனக்கு புரிஞ்சது அன்னிக்குத்தான்.

பாட்ட எழுதினதே அந்தக் குழுவுல பேஸ் வாசிச்ச ஜான் டீக்கன் தான். அந்த மூணு அடிக்கு அப்புறம் ஒரு சின்ன எடம் விடுறார் பாருங்க, மிருதங்கத்துல கார்வைன்னு சொல்வாங்கல்ல, அதே தான். அங்க ஒண்ணும் வாசிக்கல. ஆனா நம்ம தலை அங்கதான் ஆடுது. முந்தின வருஷம் வந்த சிக் குழுவோட 'குட் டைம்ஸ்' கேட்டுட்டு இத கேளுங்க, பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசிச்ச பேஸ் அது, ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

ஒண்ணுதான் கேட்டீங்க, ஆனாலும் இத சொல்லாம விட மனசு வரல. 1981ல குயீனும் டேவிட் போவியும் சேந்து பண்ணின 'அண்டர் பிரஷர்' ஆரம்பத்துல திரும்பத் திரும்ப வர்ற பேஸ்ல மொத்தமே ரெண்டு சுரம், ஒரு ஷட்ஜம் (ச), கீழ ஒரு பஞ்சமம் (ப). அவ்ளோதான்! டீக்கன் அத கண்டுபிடிச்சுட்டு சாப்பிட போயிட்டு வந்து மறந்தே போயிட்டாராம், குயீன்ல டிரம்ஸ் வாசிக்கிற ரோஜர் டெய்லர் தான் ஞாபகப்படுத்தினாருன்னு அந்தக் குழுவே சொன்ன கதை.

நான் மிருதங்கம் கத்துக்கறேன். பிங்க் ஃப்ளாய்டோட 'மணி' பாட்டுக்கு ஆதி தாளம் போட்டா ஒவ்வொரு தடவையும் தடுக்குது. என்ன தாளம் அது? (வாசகர், குன்றக்குடி)

மிருதங்க மேதை காரைக்குடி மணி சார் பேருல இருக்கற ஊர் பக்கத்துலேர்ந்து இப்படி ஒரு கேள்வி வர்றது எவ்ளோ சந்தோஷம் தெரியுமா! தடுக்கத்தான் செய்யும் தம்பி, ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை, அது ஏழு. 1973ல வந்த பாட்டு, ரோஜர் வாட்டர்ஸ் எழுதினது, முதல்ல காசு கொட்டற சத்தமும் கல்லாப்பெட்டி சத்தமும் ஏழு ஏழா சுத்தி வரும், அதுக்கு மேல பேஸ் வந்து உக்காரும்.

மூணும் நாலுமா மிஸ்ர சாபு மாதிரி போட்டும் பாத்தேன், நாலும் மூணுமா தகதிமி தகிடன்னு போட்டும் பாத்தேன். எனக்கு ரெண்டாவது தான் சரியா உக்காருது, ஏன்னா அஞ்சு ஆறு ஏழு எண்ணிக்கைல பேஸ் மூணு படி ஏறுது, ஏறி முடிச்சதும் திரும்ப ஆரம்ப சுரத்துல பொத்துன்னு விழும், அதுதான் சமம். தொடையில தட்டிக்கிட்டே கேளுங்க. சாக்ஸபோன் முடியற வரைக்கும் ஏழு போகும், டேவிட் கில்மோர் கிடார் தனி ஆரம்பிச்சதும் நாலுக்கு மாறிடும், அப்புறம் பாட்டு திரும்பும்போது மறுபடி ஏழு. அந்த மாற்றத்துல கை தடுமாறாம போனீங்கன்னா உங்க வாத்தியார்கிட்ட தைரியமா சொல்லிக்கலாம்.

போன்ல கேட்டா பேஸ் இருக்கறதே தெரியல, எனக்கு காது சரியில்லையா? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

காது நல்லாத்தான் இருக்கு. பேஸ் கிடாரோட தடிமனான கம்பிய சும்மா தட்டினா வினாடிக்கு சுமார் 41 தடவ அதிருது. அவ்ளோ மெதுவான அதிர்வ காதுக்கு கொண்டு வரணும்னா நெறய காத்த தள்ளணும், போன்ல இருக்கற ஸ்பீக்கரோ நகம் அளவு, அதால முடியாது. அந்த சுரத்தோட மேல் அதிர்வுகள் மட்டும் வெளிய வரும், மிச்சத்த மூளையே ஊகிச்சு நிரப்பிக்கும், அதனால சுரம் புரியும் ஆனா வயித்துல எறங்காது. ஒரு நல்ல இயர்ஃபோன் காதுல இறுக்கமா உக்காந்தாலே போதும். வீட்ல ஸ்பீக்கர் இருந்தா சுவர் மூலையில வச்சுப் பாருங்க, கனம் கூடும். வளவு (முற்றம்) நடுவுல வச்சா மேல வானம் தான், பேஸ் எல்லாம் அப்படியே போயிடும்.

'செவன் நேஷன் ஆர்மி' தான் உலகத்துலயே பெஸ்ட் பேஸ்னு நண்பன்கிட்ட பந்தயம் கட்டிட்டேன், நீங்க சொன்னா ஒத்துப்பான். (வாசகர், பள்ளத்தூர்)

பந்தயம் போச்சு தம்பி. அத பாடின ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவுல பேஸ் வாசிக்கிற ஆளே இருந்ததில்ல. 2003ல வந்த அந்தப் பாட்டுல ஜாக் ஒயிட் சாதா கிடார ஒரு பெடல் (காலால மிதிச்சு சத்தத்த மாத்தற கருவி) வழியா ஒரு ஸ்தாயி கீழ எறக்கி வாசிச்சார்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு இருக்கு, அத வச்சு புதுசா பந்தயம் கட்டுங்க. மெட்டாலிகாவோட 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்', 1984. மணி அடிச்சதும் கரகரன்னு ஒரு கிடார் மாதிரி எறங்கி வரும், கேக்கறவங்க பாதிப்பேர் கிடார்னே நினைப்பாங்க, ஆனா அது கிளிஃப் பர்ட்டனோட பேஸ். 1986ல ஸ்வீடன்ல பஸ் கவுந்து இறந்து போயிட்டார், 24 வயசு. அந்த ஆரம்பத்த கேக்கறப்பல்லாம் இன்னும் எத்தனை வாசிச்சிருப்பாரோன்னு மனசு கனத்துடும்.

எல்லாரும் நிறுத்திட்டு பேஸ் மட்டும் தனியா வர்ற பாட்டு? (வாசகி, கோட்டையூர்)

ஃப்ளீட்வுட் மேக், 'தி செயின்', 1977. பாட்டு அடங்கினதும் ஜான் மெக்வி ஒத்தையா வருவார், அப்புறம் என்ன நடக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன், ராத்திரி விளக்க அணைச்சுட்டு கேளுங்க.

என் மகன் பத்தாவது படிக்கிறான், கிடார் வேணாம் பேஸ் தான் வேணும்ங்கறான். "நாலு கம்பி தானே, அதுல என்ன வாசிக்க"ன்னு சொந்தக்காரங்க கேக்கறாங்க. வாங்கித் தரலாமா? (ஒரு அம்மா, புதுவயல்)

வாங்கிக் குடுங்க ஆச்சி. தானா பேஸ் கேக்கற பையன் பாட்ட உள்ளுக்குள்ள எறங்கி கேக்கறான்னு அர்த்தம். சொந்தக்காரங்களுக்கு பீட்டில்ஸோட 'சம்திங்' போட்டுக் காட்டுங்க, 1969ல வந்தது. ஜார்ஜ் ஹாரிசன் எழுதின பாட்டுக்கு அடியில பால் மெக்கார்ட்னி அதே நாலு கம்பில இன்னொரு பாட்டே பாடுறார்.

வாங்கும்போது சிலது பாருங்க. சாதா பேஸ்ல கம்பி நீளம் 34 அங்குலம், கை சின்னதா இருந்தா 30 அங்குலத்துலயும் வருது, கடையில உக்காத்தி வச்சு கழுத்துல முதல் கட்டை (ஃப்ரெட்) வரைக்கும் விரல் எட்டுதான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. கூட ஒரு சின்ன ஆம்ப் (சத்தத்த பெருக்கற பெட்டி) கண்டிப்பா வேணும், இல்லன்னா அது சத்தமே போடாது. பழசு வாங்கினா தலைப்பக்கத்துலேர்ந்து கழுத்த ஒரு கண்ண மூடிட்டு நேரா பாருங்க, முறுக்கியிருந்தா எவ்ளோ சல்லிசா குடுத்தாலும் வேணாம். நான் திருச்சில ஒரு கடையில அத பாக்காம வாங்கி, பன்னெண்டாவது கட்டைக்கு மேல ஒரு சுரம் கூட சுத்தமா பேசாம ரெண்டு வருஷம் அவதிப்பட்டேன்.

முதல் பாடமா 'அண்டர் பிரஷர்' ஆரம்பத்த குடுக்கச் சொல்லுங்க. ரெண்டு சுரம், ஒரே நாள்ல விரலுக்கு வந்துடும், அந்த இடைவெளிய சரியா விடத்தான் மாசக்கணக்கா ஆகும். அலமாரில எனாமல் சாமான் இருந்தா மட்டும் மூடிக்கு அடியில ஒரு துணிய மடிச்சு வச்சுருங்க ஆச்சி.